ஒரு நாளைக்கு ஒரு வரி

செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்துக்கு வரவேண்டிய ஏழாம் நம்பர் பஸ் எட்டு நாற்பது வரைக்கும் வரவில்லை. எட்டு பத்து பஸ் எட்டு இருபதுக்கு வருவது எனக்குப் பழகிப்போன விஷயம். எட்டு இருபத்தைந்து ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவேன். அன்றைக்கு ஏழு மட்டுமில்லை, மூன்றும் வரவில்லை, பதினொன்றும் வரவில்லை. நிறுத்தத்தில் நாற்பது பேர் நின்றுகொண்டு, சாலை வளைவையே முறைத்துக்கொண்டிருந்தோம்.

புகார் எழுதுவதில் நான் கை தேர்ந்தவன். பஸ் டிப்போவுக்கு வாரம் ஒன்றாவது அனுப்பிவிடுவேன். தாமதம், கடுகடுத்த முகம், ஏறுவதற்குள் கதவை மூடுவது, ஏழாம் நம்பரில் நான் மறந்து வைத்த கறுப்புக் குடை என்று எதையும் விட்டதில்லை. எண் போட்டு, ஒவ்வொரு குறைக்கும் தனி வரி கொடுத்து, நடுவில் இடைவெளி விட்டு எழுதுவேன். படிக்கிறவருக்கு ஒரு குறைகூடத் தப்பிவிடக் கூடாது பாருங்கள். நின்ற இடத்திலேயே போனை எடுத்துத் தட்டினேன்.

'மதிப்பிற்குரிய டிப்போ மேனேஜர் அவர்களுக்கு,

1. இன்று காலை ஒரு பஸ்கூட வரவில்லை.

2. உங்கள் டிரைவர்களுக்குப் படுக்கையை விட்டு எழ மனமில்லையா, அல்லது முதுகெலும்பே இல்லையா?

3. எழுப்பிவிட ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நானே வருகிறேன்.'

அனுப்பிய கையோடு மனம் குளிர்ந்தது. இரண்டாவது குறை ரொம்ப நன்றாக வந்திருப்பதாக நினைத்து மறுபடி படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி கூப்பிட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பஸ் ஸ்டாப்ல. ஒரு பஸ்ஸையும் காணோம். இந்த டிப்போக்காரங்களுக்கு..."

"வராது."

"ஏன்?"

"பதினாலு டிரைவராலயும் எந்திரிக்க முடியலையாம். ஏழாம் நம்பர் ஓட்டற எங்க மாமாவாலயும்தான். நீங்க லேப்டாப்பை எடுத்துக்கிட்டு டிப்போவுக்கு வாங்க." கொஞ்சம் நிறுத்தி, "நடந்து வாங்க" என்றாள்.

லேப்டாப் எதற்கு என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், வலியைவிடப் படிவங்களை அதிகம் கவனிக்கிற ஒரு தலைமை அதிகாரியின் கீழ் ஆறு வருடமாகக் குப்பை கொட்டுகிறாள். தனக்கென்று ஒரு அறை வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அந்த அறை டிப்போவில் இருந்தது. பயணிகள் விட்டுப்போன குடைகளைப் போட்டு வைக்கும் அறை. கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல். அவளுடைய தாய்மாமன் அந்த டிப்போவில்தான் ஏழாம் நம்பர் ஓட்டுகிறார். டிரைவர்களில் முதுகுவலி இல்லாத ஆளே இல்லை என்று சொல்லிச் சொல்லி, மேனேஜரைக் கரைத்து, அக்கா மகளுக்கு ஒரு வாரச் சோதனை வாங்கிக் கொடுத்தார். அந்த வாரத்தில் டிரைவர்களுக்கு உருப்படியாக ஏதாவது நடந்தால் அறை அவளுக்கு. அவள் போய், குடைகளுக்கு நடுவில் கையை விரித்து, கட்டில் எங்கே போடலாம் என்று முழம் போட்டுப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள்.

டிப்போ ஓய்வறைச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. பயிற்சிகளை அதில் வரவழைத்துவிட்டால் எல்லோரும் பார்த்துச் செய்யலாம் என்றார் மாமா. "மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர்ல தெரியாதது எது?" என்றும் சொன்னார். அப்படிச் சொன்னால் நான் விடுவேனா? இணையதளம் கட்டுவதுதானே என் பிழைப்பு. இரண்டு நாளில் செய்து முடித்தேன். மனைவி ஒரு பெட்டிக்குள் தட்டச்சு செய்து அனுப்பினால் டிப்போ திரையில் பெரிய எழுத்தில் வந்துவிடும்.

ஞாயிறு காலை அவள் உட்கார்ந்து எழுதினாள். ஆஸ்பத்திரியில் அவள் எழுதும் தாளில் ஓரத்தில் திங்கள், செவ்வாய் என்று ஏற்கெனவே அச்சடித்திருக்கும். அதனால் கிழமை எழுதும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. முற்றுப்புள்ளி வைக்கும் பழக்கமும் கிடையாது. ஒரு வரி எழுதுவாள், என்ட்டரைத் தட்டுவாள், அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

"ஒரு புள்ளி வெச்சா குறைஞ்சா போயிடுவே?" என்றேன்.

"என்ட்டர் தட்டினா முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்? அதுக்கு மேல புள்ளி எதுக்கு?"

முதல் வரியாக, 'ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும்' என்று எழுதினாள். அதன் கீழே ஏழு நாளைக்கு ஏழு வரி. குனிந்து நிமிர்வது முப்பது முறை, சுவரில் சாய்ந்து உட்காருவது முப்பது முறை, இப்படி. முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"டிப்போ திரையில எப்படித் தெரியும்னு ஒரு தடவை காட்டுங்களேன்."

நான் சோபாவில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "அதான் பெட்டியில பாக்கறியே. இதேதான் அங்கயும். பத்து வருஷமா இதைத்தானே பண்றேன்?"

அவள் அனுப்பிவிட்டாள்.

என் தொழிலில் நுழைந்த முதல் வாரத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. நாம் தட்டச்சு செய்கிற பெட்டி, என்ட்டருக்கு மரியாதை கொடுக்கும். வெளியே தெரிகிற பக்கம் கொடுக்காது. அதற்கு என்ட்டரும் ஒன்றுதான், ஒரு இடைவெளியும் ஒன்றுதான், பத்து இடைவெளியும் ஒன்றுதான். எல்லாவற்றையும் நசுக்கி ஒரே ஒரு இடைவெளியாக்கிவிடும். வரி பிரிய வேண்டுமென்றால் நாம்தான் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அது போதாதென்று, மனைவியின் வரி எதுவும் பாதியில் மடங்கக் கூடாது என்று கரிசனத்தோடு வேறொரு கட்டளை போட்டிருந்தேன். நீளமாகப் போனால் பக்கவாட்டில் மெதுவாக ஓடட்டும் என்று மூன்றாவதாக ஒன்று. மூன்றும் கூட்டுச் சேர்ந்து, எட்டு வரியும் ஒட்டி, ஒரே வரியாக ரயில் மாதிரி சுவரில் ஓடியிருக்கிறது.

இது எனக்கு டிப்போவுக்கு நடந்துபோகும் வழியிலேயே புரிந்துவிட்டது. நாற்பது நிமிட நடை. கடைசி இருபது நிமிடம் என் கால் தானாகவே மெதுவாக நடந்தது.

மேனேஜர் ஒல்லியான மனிதர். கழுத்தில் விசில். எழுத்தில் இருப்பதைத் தவிர வேறொன்றை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. அவர் மேஜைக்கு எதிரில் என் மனைவி நின்றாள். வீட்டைவிட்டு வர முடிந்த டிரைவர்கள் நான்கே பேர். அதில் மாமா ஒருவர். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொலைத்த சில்லறையைத் தேடுகிற ஆள் போலக் குனிந்து நின்றார். நிமிர முடியவில்லை.

"நேத்து சாயங்காலம் ஷிப்ட் முடிஞ்சதும் ஆரம்பிச்சோம்," என்றார் மேனேஜர். "ஒரு நாளைக்கு ஒரு வரி மட்டும்னு போட்டிருந்துச்சு. ஒரே வரிதான் வந்துச்சு. செஞ்சோம்."

"எல்லாத்தையுமா சார்?" என்றாள் என் மனைவி.

"பாதி வரியில நிறுத்தச் சொல்லி எங்கயும் போடலையேம்மா. ரெண்டு மணி நேரம் நாற்பது நிமிஷம். நான்தான் விசில் அடிச்சேன். கடைசிப் பக்கமா எனக்கே வாய் வலிச்சுது."

"ரெண்டு பேர் நடுவுல போதும்னாங்க கண்ணு," என்றார் மாமா, தரையைப் பார்த்தபடி. "நான்தான் விடலை. எங்க அக்கா பொண்ணு எழுதினது, அவ காரணம் இல்லாம எழுத மாட்டா, குனிங்கடான்னு சொன்னேன்."

என் மனைவியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தப்பு என்னோடது சார். அனுப்பறதுக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும்."

அவள் பார்க்கக் கேட்டவள். காட்டாதவன் அங்கேதான் நின்றேன், லேப்டாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. வாயைத் திறக்காமல் இருந்தால் விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரு நொடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நாலைந்து நொடி இருக்கும். மாமா என் பக்கம் திரும்ப முயன்றார். குனிந்த நிலையில் அவரால் என் செருப்பைத்தான் பார்க்க முடிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவு வெட்கம் அதற்கு முன்னால் பட்டதில்லை.

"அவ மேல தப்பு இல்லை சார்," என்றேன். "அவ எட்டு வரியாத்தான் எழுதினா. நான்தான் பிரிச்சுக் காட்டாம விட்டுட்டேன். காட்டுங்கன்னு கேட்டா. அதையும் நான்தான் செய்யலை."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். அச்சிட்ட சூடு இன்னும் ஆறியிருக்காது.

"நீங்கதானா அது?" என்று கேட்டுவிட்டு, என் புகாரை உரக்கப் படித்தார். முதல் குறை. இடைவெளி விட்டார். இரண்டாவது குறை. முதுகெலும்பு என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இருக்கு மாப்பிள்ளை," என்றார் மாமா கீழேயிருந்து. "நேத்து ராத்திரி ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தேன். எல்லாம் இருக்கு."

மேனேஜர் தாளை மேஜைமேல் வைத்து நீவிவிட்டார். "நம்பர் போட்டு, வரி பிரிச்சு, நடுவுல இடம் விட்டு எவ்வளவு அழகா எழுதறீங்க சார். எங்களுக்கும் அதே மாதிரி குடுத்திருக்கலாமே."

தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் அதை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"ஒரு வாரம்னு வாக்கு குடுத்தேன். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் வாக்கு வாக்குதான்," என்றார் அவர் என் மனைவியிடம். "அன்னிக்குப் பதினாலு பேரும் நேரா நின்னாங்கன்னா ரூம் உங்களுக்கு. ஒருத்தர் கோணலா நின்னாலும் குடையெல்லாம் அங்கேயே இருக்கட்டும்."

வீட்டில் கிடந்த பத்துப் பேரையும் அவள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்கு விடுப்பு சொல்லிவிட்டாள். பஸ் இல்லாததால் நடைதான். வெந்நீர் ஒத்தடப் பைகளும் எண்ணெய்ப் புட்டியும் துண்டுகளும் அடைத்த பையை நான் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வீட்டிலும் கதவைத் திறந்த பெண்மணி அவளை உள்ளே அழைத்து, என்னைப் பார்த்து, "இவர்தானா?" என்றாள். செய்தி எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவது வீட்டில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள், எனக்குப் போடவில்லை.

ஆறாவது வீட்டில் ஒரு மலை மாதிரி மனிதர் குப்புறப் படுத்திருந்தார். என் மனைவி அமுக்கிவிட, நான் ஒத்தடப் பையை அவர் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தேன். தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சார், பதினொண்ணாம் நம்பர்காரன் கதவை மூஞ்சியில சாத்தறான்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா."

"நான்தான் சார் அது."

"ஓ."

"கொஞ்சம் இடது பக்கம் வையுங்க. ஆங், அங்கதான்."

பத்தாவது வீட்டை விட்டு இறங்கும்போது மாலை ஆகியிருந்தது. அவளுடைய விரல்கள் சிவந்து வீங்கியிருந்தன. வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் ஏதாவது எதிர்த்துப் பேசி ஆறுதல் அடைந்திருப்பேன். அந்த வசதியையும் அவள் செய்து கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அவள் கையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல, புதன் முதல் சனி வரை நான்கு லேசான பயிற்சிகளை நானே தட்டச்சு செய்தேன். பிறகு பக்கத்தைத் திருத்தினேன். என்ட்டர் வரும் இடத்திலெல்லாம் வரியை உடைக்கும் ஓர் அடையாளத்தைச் செருகும்படி எழுதினேன். பி, ஆர் என்று இரண்டு ஆங்கில எழுத்து, இரு பக்கமும் கோணல் அடைப்பு. பக்கத்துக்கு அதுதான் 'இங்கே உடை' என்ற உத்தரவு. பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. வரி மட்டும் உடையும்.

"காட்டுங்க," என்றாள்.

இந்தத் தடவை காட்டினேன். சோதனைக்கு வைத்திருந்த பக்கத்தில் இரண்டு வரி அடித்துக் காட்டினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக அழகாக வந்தது. அவள் தலையாட்டினாள்.

சோதனைப் பக்கத்தில் இல்லாத ஒன்று உண்மையான பக்கத்தில் இருந்தது. யாராவது விஷமி பெட்டிக்குள் உத்தரவு எதையாவது திணித்துவிடக் கூடாதே என்று, கோணல் அடைப்பைக் கண்டால் அதன் பல்லைப் பிடுங்கி வெறும் எழுத்தாக்கிவிடும் ஒரு காவல் வைத்திருந்தேன். நல்ல பழக்கம்தான். ஆனால் என் அடையாளத்தை அந்தக் காவலுக்கு முன்னால் செருகியிருந்தேன். வீட்டுக்காரனையே வாசலில் நிறுத்தி யாரென்று கேட்கும் காவலாளி மாதிரி, அது என் உத்தரவையும் பிடித்துப் பல்லைப் பிடுங்கி அனுப்பிவிட்டது. எனக்கு இது தெரிந்தது வியாழக்கிழமை மாலைதான்.

அன்று அவளை அழைத்துவரலாமென்று டிப்போவுக்குப் போனேன். புதன்கிழமையிலிருந்து பாதி பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. நான் நடந்துதான் போனேன், ஏறுவதற்குக் கூச்சமாக இருந்தது. வாசலுக்கு வந்தபோதே உள்ளேயிருந்து ஒரு சத்தம். விசில் ஒரு தடவை. அதையடுத்துப் பதினான்கு ஆண்கள் சேர்ந்து உதட்டை அதிரவிட்டு, "ப்ர்ர்ர்ர்ர்" என்றார்கள்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். சுவரில் எழுத்து ரயில் இன்னும் ஒரே வரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் நடுவில் பளிச்சென்று கோணல் அடைப்புக்குள் பி, ஆர். எல்லோரும் மெல்லக் குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், விசில் வந்தது, "ப்ர்ர்ர்ர்ர்". மாமா கண்ணை மூடிக்கொண்டு ரசித்துச் செய்தார். பதினொன்றாம் நம்பர்காரரின் கன்னம் இரண்டும் கொடி மாதிரி ஆடியது.

"இது என்ன சார்?" என்றேன் மேனேஜரிடம்.

"உங்களுக்குத் தெரியாதா? தனியா அடைப்புக் கட்டி பி, ஆர்னு போட்டிருக்கே, சேத்துப் படிச்சா ப்ர், முக்கியமான குறிப்பா இருக்கும்னு முடிவு பண்ணினோம். எத்தனை தடவைன்னு போடலை. அதனால ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் செய்யறோம். அந்தக் குறிப்பைத் தாண்டினா மறுநாள் பாடம், அன்னிக்கு அதுக்கு மேல போகக் கூடாதுன்னு உங்க வீட்டம்மா நேர்லயே சொல்லிட்டாங்க."

என் மனைவி மூலையில் நின்று, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. என்னை வெளியே இழுத்துப்போய் ஒரு பாட்டம் சிரித்து முடித்தாள்.

"நேத்தே பார்த்துட்டேன்."

"ஏன் சொல்லலை? அது என் தப்பு! அப்படியே பச்சையா சுவத்துல ஓடுது!"

"தெரியும். இருக்கட்டும். எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டே குனிஞ்சு நிமிர்றாங்க, அதுலதான் முதுகு பிடிக்குது. மூச்சை விடுங்க விடுங்கன்னு மாமாகிட்ட மூணு வருஷமா சொல்றேன், கேக்கலை. இப்பப் பாருங்க, ப்ர்ர்னு ஊதினா தானா வெளிய போயிடுது. நான் எழுதிக் குடுத்திருந்தா ஒருத்தராவது செஞ்சிருப்பாங்களா?"

எனக்குப் பாராட்டா திட்டா என்று விளங்கவில்லை. அன்றிரவே என் அடையாளத்தைக் காவலுக்குப் பின்னால் மாற்றி வைத்து, பக்கத்தைச் சரிசெய்தேன். வரிகள் தனித்தனியாக நின்றன. பி, ஆர் மறைந்தது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே மேனேஜர் போன் செய்து, 'முக்கியமான குறிப்பைக் காணவில்லை' என்று கவலைப்பட்டார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'ப்ர்ர்' என்று தமிழில் வரும்படி எழுதிக் கொடுத்தேன். என் பிழையை நானே வேலை மெனக்கெட்டுக் கட்டிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை சாயங்காலம் பதினான்கு பேரும் பணிமனையில் வரிசையாக நின்றார்கள். மேனேஜர் இரும்பு அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்து, ஒவ்வொரு முதுகிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். என் மனைவி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குடை அறைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. மாமாவின் முதுகில் அளவுகோல் ஒட்டியது. பதின்மூன்று பேருக்கும் ஒட்டியது. கடைசியாகப் பதினொன்றாம் நம்பர். அந்த மலை முதுகு நடுவில் வளைந்து, அளவுகோலுக்கும் சட்டைக்கும் இடையில் ஒரு விரல் நுழையும் இடம் இருந்தது. மேனேஜர் குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. என் காவலும் கட்டளையும் எல்லாம் சேர்ந்து அவளுடைய அறையைத் தின்றுவிட்டன என்றே நினைத்தேன்.

பதினொன்றாம் நம்பர்காரர் அவள் பக்கம் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அவருக்குத்தான் அவள் அதிக நேரம் அமுக்கிவிட்டிருந்தாள். கண்ணை மூடினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, பணிமனைத் தகரமே அதிரும்படி, "ப்ர்ர்ர்ர்ர்ர்" என்றார். தோள் இறங்கியது, இடுப்பு உள்ளே போனது, முதுகு போய் அளவுகோலில் 'டக்' என்று ஒட்டியது. மற்ற பதின்மூன்று பேரும் விசிலடித்துக் கத்தினார்கள். மேனேஜர் மட்டும் நிதானமாக அளவுகோலைத் துடைத்து, மாட்டவேண்டிய ஆணியில் மாட்டிவிட்டு வந்து, குடை அறைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"ஒரே ஒரு நிபந்தனைம்மா. அது உங்களுக்கு இல்லை." என் பக்கம் திரும்பினார். "வாராவாரம் ஞாயித்துக்கிழமை சார் இங்க வரணும். மறுநாள்லேருந்து என்ன வரப்போகுதோ அதை இந்தத் திரையிலயே போட்டு, அதைப் பார்த்து அவரே செஞ்சு காட்டணும். சரியா வந்தா எங்க ஆளுங்க செய்வாங்க."

"பெட்டியில பாக்கறது பத்தாது மாப்பிள்ளை," என்றார் மாமா. நேராக நின்று, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் ஓய்வறைத் தரையில் பாய் விரித்திருந்தார்கள். திரையில் ஏழு வரி, ஒன்றின் கீழ் ஒன்றாக. முதல் வரியைச் செய்து முடித்து, ப்ர்ர் ஊதிவிட்டு எழுந்தேன்.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"ஒரு நாளைக்கு ஒரு வரிதானே?"

"அது டிரைவருக்கு. நீங்க சோதனை பண்றவர். ஏழும் சரியா பிரிஞ்சிருக்கான்னு பாக்க வேண்டாமா?"

பதினான்கு பேரும் டீயோடு உட்கார்ந்து பார்த்தார்கள். விசிலை மாமா வாங்கிக்கொண்டார். ஐந்தாவது வரியில் நான் போதும் என்றேன். "எங்க அக்கா பொண்ணு காரணம் இல்லாம எழுத மாட்டா," என்று அவர் ஊதினார். பக்கத்து அறையிலிருந்து என் மனைவி கட்டுக் கட்டாகக் குடைகளை வெளியே எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அதில் என் கறுப்புக் குடையும் இருந்தது. எடுத்து விரித்துப் பார்த்து, என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை என்னால் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. புரளவும் முடியவில்லை. தெருவில் ஹாரன் சத்தம் கேட்டது. மனைவி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க ஏழாம் நம்பர். மாமாதான். மணி சரியா எட்டு பத்து."

கதவு திறந்து, எல்லோரும் ஏறி, மூடி, பஸ் கிளம்பும் சத்தத்தை மல்லாந்தபடியே கேட்டேன்.

"புகார் மட்டும்தான் எழுதுவீங்களா? பாராட்டி ஒரு வரி எழுதக் கூடாதா?" என்றாள்.

போனை எட்ட முயன்றேன். தோள் வரை வலித்தது. "நீயே எழுது."

அவள் என் போனை எடுத்து, கட்டிலோரம் உட்கார்ந்து, ஏதோ தட்டினாள். கடைசியில் என்ட்டர். புள்ளி வைக்கவில்லை. அனுப்பப் போனவளை நிறுத்தினேன்.

"இரு. எப்படி வந்திருக்குன்னு ஒரு தடவை காட்டு."

அவள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். 'இன்று பஸ் சரியான நேரத்துக்கு வந்தது, நான்தான் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். ஒரே வரி. சரியாகத்தான் இருந்தது.